ஏழுமலை போட்ட கொசுறு

1

தாம்பரத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. என் மச்சான் ஏழுமலை மேற்குத் தாம்பரத்தில் மளிகைக்கடை திறந்து இருபத்தைந்து வருடம் ஆகிறதாம். வெள்ளிவிழா மலர் போடுகிறார்களாம். 'அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை' என்ற தலைப்பு கொடுத்து, மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய நாட்களைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதவேண்டுமாம். கூடவே கோட்டு போட்ட ஒரு போட்டோவும் அனுப்பவேண்டுமாம்.

எழுதமாட்டேன். அவர் வந்து தங்கிய நாட்களை நினைத்தாலே எனக்கு உடம்பு எரிகிறது. கடை மலரில் வாழ்த்துதான் எழுத முடியும். என்னிடம் இருப்பது வாழ்த்து அல்ல. அதனால் மலருக்கு எழுதவேண்டியதை இங்கே எழுதுகிறேன். தாம்பரத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு மச்சானிடம் போய்ச் சொன்னால் சந்தோஷம்.

2

நான் குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் அளவு பார்க்கிறவனாக இருந்தேன். மைக்ரோமீட்டரும் கையுமாகத்தான் நாள் போகும். ஒரு முடி கனம் கூடினாலும் குறைந்தாலும் அந்தப் பொருளைத் தூக்கிப் போட்டுவிடுவேன். எண்பதாம் வருடம் ஒரு நாள், ஏழுமலை கடையில் வாங்கிய ஒரு கிலோ துவரம்பருப்பைப் பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நாற்பது கிராம் குறைவு.

மறுநாள் கடையில் போய்ச் சொன்னேன். காலை வேளை, கடை முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஏழுமலை கோபப்படவே இல்லை. பருப்பு மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, என் பையில் கொட்டினார்.

"இந்தா சார், கொசுறு. சொம்மா கிராம் கணக்குப் பாத்துகினு நிக்காத. மன்சனுக்கு மனசு பெருசா இருக்கணும், தெர்தா?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னிடமிருந்து எடுத்ததை என்னிடமே கொடுத்துவிட்டு வள்ளல் பட்டம் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து கொசுறு என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. கீரைக்காரி கொடுக்கும் ஒரு கொத்துக் கொத்தமல்லியை நீங்கள் எல்லோரும் பாசம் என்கிறீர்கள். சரியாக அளந்து கொடுக்க மனமில்லாதவன் செய்கிற வேலை என்கிறேன் நான். எத்தனை கூடிற்று, எத்தனை குறைந்தது என்று யாருக்கும் தெரியாமல் இருந்தால்தான் கொசுறுக்கு மதிப்பு.

இத்தனை சொல்கிறவன் வேறு கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அவருடைய தங்கை கலாதான் காரணம். அடுத்த வருடம் திருநீர்மலையில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் வைத்து மச்சான் உரக்கச் சொன்னார்: "பருப்பு கொறைஞ்சிச்சின்னு சண்டைக்கு வந்தாரு. கொசுறா தங்கச்சியவே குட்துட்டேன்." மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். கலாவும் சிரித்தாள்.

3

எங்கள் மகள் நித்யாவுக்கு நாலு வயதானபோது இந்த ஊருக்கு வந்தோம். பென்சில்வேனியாவில் ஒரு சிறிய ஊர். வேலை அதேதான், மைக்ரோமீட்டரும் கையும். மற்றபடி நான் இந்த நாட்டை நேசிப்பதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரன் பதின்மூன்று வருடமாக என் பெயரைத் தப்பாகவே சொல்கிறான். திருத்துவதை நான் விட்டுவிட்டேன். இந்த நாடு எனக்குப் பிடித்த விதத்தில் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், ஒரு பழைய துப்பாக்கி.

வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கடை. ராணுவம் கழித்துவிட்ட துப்பாக்கிகளைப் பீப்பாயில் குடை மாதிரி செருகி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தால் த்ரீ நாட் த்ரீ. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் போலீஸ்காரர் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பாரே, அதே துப்பாக்கி. கட்டையில் நம் நாட்டு முத்திரைகூட இருந்தது. எனக்கு முன்னால் கப்பலேறி வந்து பீப்பாயில் நின்றுகொண்டிருந்தது.

மச்சான் ஒரு தீபாவளிக்கு முறைப்படி பட்டாசுக் கடை போட, ஒரு மாதம் அலுவலகம் அலுவலகமாக நடந்து செருப்புத் தேய்ந்தார். இங்கே எனக்கு ஒரே ஒரு தாள். தப்பியோடிய குற்றவாளியா, மனநிலை பாதிக்கப்பட்டவனா என்று கேள்விகள். இல்லை, இல்லை என்று எழுதினேன். அந்நியன் என்ற கட்டத்தில் என் கிரீன் கார்டு எண்ணை எழுதினேன். துப்பாக்கியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். மதராஸில் இட்லிமாவு அரைக்கும் கல்லை வாங்கக்கூட இதைவிட அதிகம் பேசவேண்டியிருக்கும்.

அதற்குப் பழைய ராணுவத் தோட்டாக்கள் கிடைத்தன. பாதி வெடிக்கவில்லை, வெடித்தவை குழாயைத் துருப்பிடிக்க வைத்தன. அதனால் தோட்டாவை நானே போட ஆரம்பித்தேன். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைக் கழுவி, உள்ளே வளைந்த கம்பி விட்டு, அடிப்பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கவேண்டும். இந்தத் துப்பாக்கி பழையது, கூட்டை இழுத்து நீட்டிவிடும். பள்ளம் தட்டினால் அந்தக் கூடு குப்பைக்கு. பிறகு அடியில் தீப்பொறி கொடுக்கும் புதுக் கேப் அடித்து, வெடிமருந்து நிரப்பி, வாயில் குண்டை இறக்கவேண்டும்.

மருந்தில்தான் எல்லாம் இருக்கிறது. புத்தகம் சொல்கிற சின்ன அளவில் தொடங்கவேண்டும். பெரிய அளவைத் தொடவே கூடாது. மேசையில் ஒரு டப்பாதான் இருக்கலாம், இரண்டாவது டப்பா அலமாரியை விட்டு வெளியே வரக்கூடாது. ஒவ்வொரு கூட்டுக்கும் தனித்தனியாகத் தராசில் நிறுத்துப் போடுவேன். வரிசைக்குப் பத்தாக ஐம்பது குழி உள்ள மரப்பலகையில் ஐம்பது கூடுகளும் நிற்கும். கடைசியில் குண்டை இறக்குவதற்கு முன் டார்ச் அடித்து, ஐம்பதின் வாய்க்குள்ளும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்க்காமல் குண்டை இறக்கியதில்லை. நான் தோட்டா போடும் நிலவறையில் பேச்சு கிடையாது, ரேடியோ கிடையாது, வேறு ஆள் கிடையாது.

மருந்து கூடினால் இந்தக் கிழட்டு இரும்பு தாங்காது. குழாயின் பின்வாயை அடைக்கும் பூட்டு பின்பக்கம் தெறித்து வரும். சுடுகிறவரின் வலது கண் அங்கே இருக்கும்.

4

வேறு ஆள் கிடையாது என்றேன். நித்யாவைத் தவிர.

அவள் பன்னிரண்டு வயதில் தமிழை நிறுத்தினாள். நிறுத்தினாள் என்றுதான் சொல்லவேண்டும், மறக்கவில்லை. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பிறகு பதிலும் குறைந்தது. கதவு சாத்தியே இருக்கும். கலா அழுவாள். எனக்குக் கோபம்தான் வந்தது. யாருக்காக இங்கே வந்து கிடக்கிறேன் என்று கத்தினேன். "நான் கேட்டேனா?" என்றாள், இங்கிலீஷில்.

ஒரு நாள் கீழே நிலவறைக்கு வந்து, நான் தராசில் மருந்து நிறுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். பிறகு கம்பி விட்டுக் கூடு தடவும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். சுடும் கிளப்பில் சேர்ந்தாள். என்னைவிட நன்றாகச் சுட்டாள், பழைய துப்பாக்கிகளுக்கான போட்டியில் பெரியவர்களை ஜெயித்தாள். தோட்டா மட்டும் நான்தான் போட்டுக் கொடுப்பேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கமாட்டாள், அப்படியே எடுத்துக்கொண்டு போவாள். எனக்கும் என் மகளுக்கும் இடையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

5

இந்த வருடம் வசந்தத்தில் மச்சான் வந்து இறங்கினார். இரண்டு மாதம் என்று சொல்லி அந்த அளவுக்கே முத்திரை வாங்கி வந்தவர், மூன்றாவது மாதமும் இருந்து பார்க்கலாமே என்றார். வீட்டில் அரிசி அளக்கும் ஆழாக்கு அவர் கைக்குப் போனது. கலா மூன்று பேருக்கு அளந்தால் இவர் மேலே ஒரு பிடி போடுவார். துணி துவைக்கும் மெஷினில் பவுடர் கொசுறு. சலவை அறை முழுக்க நுரை. "கை நீளாத வூட்ல எப்டிம்மா குடும்பம் நடத்துற?" என்று என் எதிரிலேயே தங்கையைக் கேட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மறுநாள் நித்யாவுக்கு இருந்த போட்டிக்காக நான் லீவு போட்டுவிட்டு நிலவறையில் உட்கார்ந்திருந்தேன். ஐம்பது கூட்டுக்கும் மருந்து போட்டாகிவிட்டது. டார்ச்சை எடுக்கும்போது படியில் காலடிச் சத்தம்.

"இன்னா மாப்ள, இங்கதான் கீறியா?"

இந்த இடத்தை ஊரில் இருப்பவர்கள் புரிந்துகொள்வீர்கள். பெண்டாட்டியின் அண்ணன், விருந்துக்கு வந்தவர், ஒரு அறைக்குள் நுழைந்தால் 'வெளியே போங்க' என்று சொல்ல முடியுமா? நான் மனசுக்குள் இருபது வருடமாக அந்த மனிதனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் எழுந்து நின்றேன். "வாங்க மச்சான், உக்காருங்க" என்று என் ஸ்டூலையே நகர்த்திப் போட்டேன்.

அவர் தங்கும் காலத்தை நீட்டிக்கும் விண்ணப்பம் அன்று மாலைத் தபாலில் போயாகவேண்டும். பாஸ்போர்ட்டில் குத்தி வைத்திருந்த வெள்ளைச் சீட்டின் எண் வேண்டும் என்றேன். சீட்டைக் காணோம் என்றார், சட்டைப் பித்தானைக் காணோம் என்பது மாதிரி சாதாரணமாக.

"அத்த எங்க வெச்சேன்னு தெர்ல மாப்ள. கலாவ கேளு."

மேலே ஓடினேன். பெட்டி, பை, சட்டை என்று புரட்டினோம். அது இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும், மறுபடி படிவம், மறுபடி வரிசை. கடைசியில் சீட்டு அவர் கொண்டுவந்திருந்த ஊறுகாய் பாட்டிலின் மூடிக்கு அடியில் கசியாமல் இருக்க மடித்து வைக்கப்பட்டிருந்தது. எண்ணெய் ஊறி எண் பாதி தெரிந்தது. என் ரத்தம் கொதித்தது. இதற்குள் கலா அண்ணனைக் காபிக்குக் கூப்பிட்டாள், அவர் மேலே வந்து சாவகாசமாக உறிஞ்ச ஆரம்பித்தார்.

நான் கீழே வந்தேன். சீக்கிரம் முடித்துவிட்டுத் தபால் நிலையம் ஓடவேண்டும். உட்கார்ந்தேன், ஒவ்வொரு கூடாக எடுத்துக் குண்டை இறக்கினேன். மனசுக்குள் மச்சானிடம் பேசிக்கொண்டே இறக்கினேன். ஒரு தோட்டாவில் குண்டு இறங்கும்போது நறுக்கென்று மெல்லிய சத்தம் கேட்டது. குண்டை அழுத்தி இறக்கும் பிரஸ்ஸுக்கு எண்ணெய் போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பதையும் துடைத்துப் பெட்டியில் போட்டு நித்யாவின் பை மேல் வைத்தேன்.

டார்ச் மேசையிலேயே இருந்தது.

6

சனிக்கிழமை காலை நித்யாவின் தோழியும் தோழியின் அப்பாவும் வந்து அவளை அழைத்துப் போனார்கள். வழக்கமாக நான்தான் போவேன். விருந்தாளியைத் தனியே சாப்பிட விடக்கூடாது என்று கலா சொன்னதால் வீட்டில் நின்றேன்.

மச்சான் நாலாவது தோசைக்கு மிளகாய்ப்பொடி போட்டுக்கொண்டே சொன்னார்: "பாரு மாப்ள, இன்னிக்கு நம்ம பொண்ணுதான் பர்ஸ்ட்டு வரும்."

"எப்படிச் சொல்றீங்க?"

"நீ இன்னாடான்னா அரை வயித்துக்கு மருந்து போட்டு வெச்சிகினு கீற. பெத்த பொண்ணுக்குக்கூடவா அளந்து போடுவ? நான்தான் அந்தாண்ட இருந்த ரெண்டு வரிசைக்கு ஆளுக்கு ஒரு சிட்டிகை போட்டு வுட்டேன். கலா கூப்ட்டா, இல்லாங்காட்டி எல்லாத்துக்கும் போட்டிருப்பேன்."

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். செல்போன் எல்லாம் யாரிடமும் இல்லாத வீடு எங்களுடையது. சுடும் மைதானத்துக்குப் போன் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. கார் சாவியை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினேன்.

இருபது மைல். அந்த இருபது மைலும் நான் கடவுளைக் கூப்பிடவில்லை. மச்சானைத்தான் திட்டினேன், எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையிலும், தாம்பரம் மார்க்கெட்டில் கேட்ட வார்த்தைகள் உட்பட. திட்டிக்கொண்டே இருந்தால் அவள் வலது கண் நினைவுக்கு வராது என்று திட்டினேன். ஆனாலும் வந்தது.

மைதானத்தில் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வரிசையாகப் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் நித்யா இல்லை. பின்னால் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பூட்டு திறந்தபடி துப்பாக்கி பக்கத்தில் கிடந்தது. முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் இருந்தன.

என் வெறுங்காலைப் பார்த்தாள். ஒரு கூட்டை நீட்டினாள். அதன் அடியில் கேப் தட்டையாக நசுங்கிப் போயிருந்தது, உள்ளே அழுத்தம் மீறியதற்கு அடையாளம்.

"அஞ்சாவது ஷாட்" என்றாள் இங்கிலீஷில். முதல் நாலும் எப்போதும் போல. ஐந்தாவது தோளில் பலமாக அடித்தது, சத்தமும் வேறாக இருந்தது, பூட்டைக் கையால் தூக்க முடியவில்லை, குத்தித்தான் திறந்தாள். ஏதாவது ஒன்று வேறு மாதிரி இருந்தால் அடுத்ததைச் சுடாதே என்று நான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். கையைத் தூக்கிப் போட்டியிலிருந்து விலகிவிட்டாள்.

7

அன்று பகல் நிலவறையில் மிச்சம் நாற்பத்தைந்து தோட்டாக்களையும் பிரித்தோம். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் உண்டு. தோட்டாவை அதன் தலைக்குள் வைத்து மூடித் தரையில் நாலு தட்டு தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும். நான் தட்டினேன், அவள் நிறுத்தாள். இருபத்தாறு தோட்டாக்களில் மருந்து ஒரே அளவு, மயிரிழை வித்தியாசம் இல்லை. எனக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. மற்ற பத்தொன்பதில் எந்த இரண்டும் ஒன்றாக இல்லை. அவற்றில் ஒன்றில் மட்டும் வாய் வரை மருந்து. எதில் மருந்து போட்டோம் என்று மறந்து மச்சான் இரண்டு மூன்று சிட்டிகை போட்டிருக்கவேண்டும். மேலே இருந்த மருந்து குண்டு அழுத்தி நொறுங்கியிருந்தது. அவள் ஆறாவதைச் சுட்டிருந்தால், அது இதுவாகக்கூட இருந்திருக்கலாம்.

மச்சான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கலா நடந்ததைச் சொல்லியிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"எனக்குத் தெர்லம்மா" என்றார் நித்யாவைப் பார்த்து. "சத்தியமா தெர்ல. நல்லதுக்குன்னுதான் போட்டேன்." படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

நான் இருபது வருடமாக வைத்திருந்த எல்லாவற்றையும் எடுத்து வீசினேன். நாற்பது கிராம் பருப்பிலிருந்து ஆரம்பித்தேன். அளவு தெரியாத கை, வெட்கமில்லாத கை, ஊரையே கொசுறு போட்டு ஏமாற்றிய கை என்றேன். என் மகளைக் கொல்லப் பார்த்தாய் என்றேன். முதல்முறையாக அவரை நீ என்றேன்.

நித்யா தராசின் சுவிட்சை அணைத்தாள். எழுந்து போய் மாமாவின் தோளில் கை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு என்னிடம் தமிழில் பேசினாள்.

"மாமாவுக்குத் தெரியாதுப்பா. உங்களுக்குத் தெரியும். நீங்க டார்ச் அடிச்சுப் பாக்கலையா?"

"மேலே போகவேண்டியிருந்தது. அந்தச் சீட்டு..."

"இறக்கும்போது கையில ஒண்ணும் தெரியலையா? இது முழுசா நசுங்கியிருக்கு."

நறுக்கென்ற அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

"இல்ல" என்றேன். "ஒண்ணும் தெரியல."

அவள் நொறுங்கிய மருந்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு டார்ச்சை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, மாமாவைக் கைப்பிடித்து மேலே அழைத்துப் போனாள்.

8

வெள்ளிக்கிழமை தபால் நேரம் தவறிவிட்டது, அதன்பிறகும் விண்ணப்பம் போகவே இல்லை. மச்சான் குறித்த தேதியில் திரும்பிப் போனார். விமான நிலையத்தில் நித்யா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊரில் அவர் இப்போது மருமகளுக்குத் தானே தோட்டா போட்டுக் கொடுத்த கதையைக் கடையில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அழுததை விட்டுவிட்டுச் சொல்வார் என்று நினைக்கிறேன். நான் 'இல்ல' என்று பொய் சொன்னதை இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை, அதனால் அவருடைய கதையில் நான் கைவைக்கப் போவதில்லை.

அதன்பிறகு நித்யா என் தோட்டாவைத் தொடவில்லை. சண்டையில்லை, கோபமில்லை. வேண்டாம்ப்பா என்றாள், அவ்வளவுதான். ஆகஸ்டில் கல்லூரிக்குப் போகும்போது துப்பாக்கியைக் கேட்டாள், கொடுத்தேன். அங்கே கிளப்பில் பொதுவாக ஒரு பட்டறை இருக்கிறதாம், அவளே போட்டுக்கொள்கிறாள். என் தராசில் தூசி படிந்திருக்கிறது.

மலர்க் கடிதம் வந்த அன்று போன் பண்ணியிருந்தாள். கலாவிடம் பேசுவதற்கு முன் என்னிடம் ஓரிரு நிமிடம் கிடைக்கும். என்ன கேட்பது என்று தெரியாமல், தோட்டா போடும்போது டார்ச் அடித்துப் பார்க்கிறாயா என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை பாக்கறேன்" என்றாள்.

"எதுக்கு ரெண்டு? ஒழுங்கா நிறுத்துப் போட்டா ஒரு தடவை போதுமே."

"இன்னொரு தடவை, அன்னிக்கு நீங்க பாக்காததுக்குப்பா."

நான் போனைக் கலாவிடம் கொடுத்தேன்.